கட்டை தீர்ந்த பேட்டரிப் பெட்டி

வார்டு ரவுண்டில் நீங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வீர்களே ஒரு சின்னச் சிரிப்பு, அது எனக்கு நன்றாகத் தெரியும். நோயாளியின் ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் சுத்தமாக இருக்கும். ஆனால் அவர் கால் வரவில்லை என்பார், கண் தெரியவில்லை என்பார். கேஸ் ஷீட்டில் 'ஃபங்ஷனல்' என்று, அதாவது உறுப்பில் கோளாறு இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்வீர்கள். அங்கேதான் அந்தச் சிரிப்பு வரும். உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அந்தச் சிரிப்பை நான் உங்களுக்கு முன்னாலேயே சிரித்தவள்.

போன மாதம் உங்கள் மருத்துவக் கல்லூரியில் 'மனமும் உடலும்' என்று பேச அழைத்திருந்தீர்கள். பொன்னாடை போர்த்தினீர்கள், கைதட்டினீர்கள். நான் பேசியது பாதிதான். மீதிப் பாதி மேடையில் சொல்லக் கூடியதாக இல்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. இனியும் வைத்திருந்து என்ன செய்யப்போகிறேன் என்று எழுதித் தருகிறேன்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. மாயவரத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தொலைவில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரி. எந்த ஊர் என்று கேட்காதீர்கள். இரண்டே டாக்டர்கள். ஒருவர் ஓய்வுபெற மூன்று வருடம் இருந்த பெரிய டாக்டர். இன்னொருத்தி நான். கடலோர ஊர் ஒன்றில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். எங்கள் தெருவிலேயே முதல் டாக்டர் என்பதால் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். பிரசவம் பார்க்கத்தான் என்னை அனுப்பினார்கள். எனக்கோ பிரசவத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஆசை.

சென்னையில் ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பந்தலில் கொடியின் நிறம் மாறியிருந்தது. வரப்பில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. குத்தகைக்காரனை இனி நிலத்தை விட்டு எழுப்ப முடியாது என்று சட்டம் சொன்னது. பதிவேட்டில் பெயர் இருந்தால்தானே சட்டம்? பெயரே இல்லாமல் செய்துவிட்டு, அறுவடைக்கு வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள் சில மிராசுதார்கள். ஒவ்வொரு தை மாதமும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு மண்டை உடைந்தவர்கள் வருவார்கள். தையல் நூல் தீர்ந்துவிடும்.

அந்தத் தையில் ஒருவன் உயிரோடு வந்து சேரவில்லை. மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலத்தைப் பதினான்கு வருடமாகக் குத்தகைக்குப் பயிரிட்டு வந்தவன். தான் நட்ட பயிரை வேறு ஆட்கள் அறுப்பதைத் தடுக்கப் போய் வயலில் நின்றிருக்கிறான். பின்னாலிருந்து தலையில் அடி. ஒரே அடி. வண்டியில் போட்டு எடுத்து வரும் வழியிலேயே முடிந்துவிட்டது. பெரிய டாக்டர்தான் பிரேதப் பரிசோதனை செய்தார்.

அடித்தவர் மிராசுதாரின் நிலபுலன்களைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் என்று ஊரே சொன்னது. ஊர் சொன்னால் போதாதே. வயலில் இருந்த குத்தகைக்காரர்கள் எல்லோர் மீதும் மிராசுதார் தரப்பில் எதிர்வழக்கு போட்டிருந்தார்கள். அவர்கள் சாட்சி எடுபடாது. வெளியூர் ஆட்கள் அன்றைக்கே லாரி ஏறிப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது இறந்தவனின் மனைவி காத்தாயி ஒருத்திதான். கஞ்சிக் கலயத்தோடு வரப்பில் வந்துகொண்டிருந்தவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அவள் சொன்னால் வழக்கு நிற்கும். சொல்லாவிட்டால் இல்லை.

அவளுக்குப் பேச்சு வரவில்லை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் அவளை ஜீப்பில் கூட்டி வந்தார். கையில் ஒரு மெமோ. 'மேற்படி நபர் பேசக்கூடிய நிலையில் இருக்கிறாரா என்று பரிசோதித்துச் சான்றளிக்கவும்.' கூடவே அவள் மாமியார் வந்திருந்தாள். மகனைப் பறிகொடுத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் அழுகையை நிறுத்திவிட்டு மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நேத்து மத்தியானத்துலேருந்து இப்படித்தான் தாயி. வாயத் தொறக்குறா, காத்துதான் வருது. மாரடிச்சு அழக்கூட சத்தம் வரல. பயந்துருக்கு."

தலையில் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, தொண்டைக்குள் விடும் சின்னக் கண்ணாடியை ஸ்பிரிட் விளக்கில் சூடு காட்டிப் பார்த்தேன். 'ஆ' சொல்லச் சொன்னேன். குரல் நாண்கள் இரண்டும் நெருங்கி வந்து, சேராமல் விலகின. இருமச் சொன்னேன். இருமினாள். அறை அதிர்கிற மாதிரி நல்ல கணீரென்ற இருமல். இருமும்போது இரண்டும் கச்சிதமாகச் சேர்ந்தன.

எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். சொல்ல நாக்கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். புருஷனைப் பறிகொடுத்தவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். நான் பாடப் புத்தகத்தில் படித்ததை நேரில் பார்த்துவிட்ட சந்தோஷத்தில் இருக்கிறேன். கல்லூரியில் எங்கள் பேராசிரியர் ஒரு முழு மத்தியானம் ஹிஸ்டீரியா என்ற இந்த நோயைப் பற்றியே பேசியிருந்தார். கருப்பை உடம்புக்குள் ஊர் சுற்றப் போவதால் பெண்களுக்கு இந்த நோய் வருகிறது என்று பழங்காலத்துக் கிரேக்க வைத்தியர்கள் நம்பியது, பிறகு பேய் பிசாசு என்று பாதிரிமார்கள் சொன்னது, அப்புறம் நரம்பு என்றது, கடைசியில் சொல்ல முடியாத ஒன்றை உடம்பு எடுத்துச் சொல்கிறது என்று வந்து நின்றது வரைக்கும் சொன்னார். ஆயிரக்கணக்கான வருடம் சுற்றி எங்கே வந்தார்கள் பாருங்கள். "பயந்துருக்கு" என்று அந்த மாமியார் ஒரே வார்த்தையில் சொன்ன இடத்துக்குத்தான்.

மெமோவில் எழுதினேன்: 'குரல்வளையில் கோளாறு எதுவும் காணப்படவில்லை.' கையெழுத்து, முத்திரை. எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. இன்ஸ்பெக்டர் வாங்கிப் படித்தார்.

"அப்ப நடிக்குது. அப்படித்தானே மேடம்?"

"நடிப்பு இல்ல சார். தொண்டை நல்லாருக்கு. பேச வரல. அது வேற, இது வேற."

"தொண்டை நல்லாருந்தா பேச வேண்டியதுதானே? மேலேருந்து போன் மேல போன் வருது மேடம். ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனா ரெண்டு நிமிஷத்துல பேச வச்சிடுவோம்."

அந்த இரண்டு நிமிஷம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளை அங்கேயே பெண்கள் வார்டில் சேர்த்துவிட்டேன். குணமாகட்டும், நானே தகவல் அனுப்புகிறேன் என்று சொன்னேன். அதுவரை நான் செய்தது சரிதான். மெமோவில் இன்னும் ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கலாம், 'இது உண்மையான நோய்' என்று. அந்த வரியை எழுதுவதற்கு வேண்டிய பேனா, மை, இடம் எல்லாம் இருந்தது. எழுதவில்லை.

எட்டு நாள் போயிற்று. மாமியார் கஞ்சி ஊட்டுவாள். காத்தாயி விழுங்குவாள், ஜன்னலைப் பார்ப்பாள். விவசாயச் சங்கத்துக்காரர்கள் பார்வை நேரத்தில் வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். இன்ஸ்பெக்டர் இரண்டு முறை வந்து கதவருகே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒருமுறை காரியக்காரரின் ஆள் ஒருவன் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தான். மாமியார் அதை வாங்கி, அவன் முன்னாலேயே வாசல் சாக்கடையில் கவிழ்த்தாள்.

ஆஸ்பத்திரி ஸ்டோரில் ஒரு மரப்பெட்டி இருந்தது. பேட்டரிப் பெட்டி என்போம். உள்ளே செப்புக் கம்பிச் சுருள், இரண்டு ஒயர், நுனியில் ஈரத்துணி சுற்றிய இரண்டு வட்டத் தகடு. தசை அசையாத கைகால்களுக்கு மெல்லிய மின்சாரம் கொடுப்பதற்கு. பேச்சு வராதவர்களின் கழுத்தில் அதை வைத்து, 'இப்போது குரல் வரும்' என்று திடமாகச் சொன்னால் வந்துவிடும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். வேலை செய்வது மின்சாரம் அல்ல, டாக்டரின் வாய்தான் என்றும் சொல்லியிருந்தார். பெட்டியைத் திறந்தால் கட்டைகள் நான்கும் உப்புப் பூத்துக் கிடந்தன. டார்ச்சுக்குப் போடுகிற அதே பேட்டரிக் கட்டைகள்தான். எதிரே கடைத்தெருவில் வாங்கிப் போட்டிருக்கலாம். நான் வேண்டுமென்றே வாங்கவில்லை. பேராசிரியர் சொன்னது உண்மையா என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

ஒன்பதாம் நாள் காலை, அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். மாமியாரை எதிரே நிறுத்தினேன். தகடுகளை உப்புத் தண்ணீரில் நனைத்துக் கழுத்தின் இரண்டு பக்கமும் வைத்தேன்.

"காத்தாயி, இதுல கரண்டு இருக்கு. கொஞ்சம் இழுக்கும். பயப்படாத. நான் சொல்றப்ப வாயத் திறந்து சத்தம் குடு. குரல் வரும். கண்டிப்பா வரும்."

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. அப்படி ஒரு நம்பிக்கையை அதற்குப் பிறகு எந்த நோயாளியின் கண்ணிலும் நான் பார்க்கவில்லை. சுவிட்சைத் தட்டினேன். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அவள் உடம்பு தூக்கிப் போட்டது. இல்லாத மின்சாரம் அவளை இழுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது.

"ஏய்யா! பின்னால பாரு! பின்னால பாருய்யா!"

வார்டே எழுந்து உட்கார்ந்தது. அது என்னிடம் சொன்னதோ மாமியாரிடம் சொன்னதோ இல்லை. வரப்பில் நின்று புருஷனைப் பார்த்துக் கத்த வாயைத் திறந்திருக்கிறாள். அப்போது வராத சத்தம் அது. ஒன்பது நாள் தொண்டையில் நின்றிருக்கிறது. மாமியார் தரையில் உட்கார்ந்து, ஒன்பது நாளாக அடக்கிய அழுகையை எல்லாம் அன்றைக்கு அழுதாள்.

"கத்துனேன் டாக்டரம்மா. சத்தம் வரல. சத்தம் வந்துருந்தா திரும்பிப் பாத்துருக்கும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள் காத்தாயி. அதுதான் அவளுடைய நோய். பயம்கூட இரண்டாவதுதான். தன் தொண்டை புருஷனைக் கொன்றுவிட்டது என்று அவள் நம்பினாள். ஒரு கொலைகாரத் தொண்டையை அவள் எப்படி மறுபடியும் பயன்படுத்துவாள்? இது எனக்குப் புரிய இருபது வருடம் ஆயிற்று. அன்றைக்குப் புரிந்ததெல்லாம் நான் ஜெயித்துவிட்டேன் என்பதுதான்.

அன்று மாலைக்குள் இன்ஸ்பெக்டர் வந்து வாக்குமூலம் எழுதிக்கொண்டார். யார், எங்கிருந்து வந்தார், எந்தக் கையில் தடி, எல்லாவற்றையும் சொன்னாள். நான் கேஸ் ஷீட்டை எடுத்து உட்கார்ந்தேன். அடுத்த மாநாட்டில் பேராசிரியர்கள் முன்னால் இதைக் கட்டுரையாக வாசிப்பதாகக் கற்பனை. இங்கிலீஷில், அழகான கையெழுத்தில், கடைசியாக நான்கு வரி எழுதினேன். 'பெட்டியில் கட்டைகள் தீர்ந்திருந்தன. மின்சாரம் எதுவும் செலுத்தப்படவில்லை. நோயாளிக்கு இது தெரியாது. என் சொல்லின் பலத்தால் மட்டுமே குரல் மீண்டது.'

என் உம்மா சின்ன வயதில் நாங்கள் பயந்து உளறினால் பள்ளிவாசல் லெப்பையிடம் கூட்டிப்போய்த் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுப்பார். குடித்தால் தூங்கிவிடுவோம். டாக்டருக்குப் படித்த பிறகு அதைச் சொல்லி உம்மாவைக் கேலி செய்திருக்கிறேன். ஆனால் ஒன்று கவனியுங்கள். 'இதில் இருப்பது வெறும் தண்ணீர்தான்' என்று எந்த லெப்பையும் எந்த நோட்டிலும் எழுதி வைப்பதில்லை. நான் எழுதி வைத்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் கெட்டிருந்தால் பரவாயில்லை.

பெரிய டாக்டர் கேஸ் ஷீட்டைப் படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இந்தக் கடைசி நாலு வரி எதுக்கும்மா?"

"உண்மைதானே சார்?"

"உண்மைதான். இது யாரு கைக்கெல்லாம் போகும்னு யோசிச்சியா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மிராசுதார் வீட்டுக் கார் வந்தால் இவர் வாசல் வரை போய் நிற்கிறவர், இவர் எனக்கு எச்சரிக்கை சொல்கிறாராக்கும் என்று நினைத்தேன். அவரும் எழுந்து போய்விட்டார். அவர் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

அடுத்த ஐப்பசியில் செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை. வெளியே அடைமழை. காத்தாயி எனக்கு முன்னால் சாட்சி சொல்லியிருந்தாள். ஒரு இடத்திலும் தடுமாறவில்லையாம். குறுக்கு விசாரணையில் அரைநாள் நிறுத்தி வைத்துக் கேட்டும் அதே பதில். அரசு வக்கீலுக்கு ஒரே ஒரு கவலைதான் மிச்சம். வாக்குமூலம் ஏன் ஒன்பது நாள் தாமதம்? அதை விளக்கத்தான் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். சாட்சி சொல்லி முடித்தவள் என்பதால் காத்தாயியும் கோர்ட்டுக்குள்ளேயே, கடைசி பெஞ்சில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையான மனிதர். குரலை உயர்த்தவே இல்லை.

"டாக்டரம்மா, போலீஸ் மெமோவுக்கு நீங்க குடுத்த பதில் இது. குரல்வளையில கோளாறு இல்ல. சரிதானே?"

"ஆமா."

"இருமச் சொன்னீங்க. நல்லா சத்தமா இருமுனாங்க. கேஸ் ஷீட்டுல எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"சத்தமா இருமுற தொண்டையால பேச முடியும். ஆமாவா, இல்லையா?"

"தொண்டையால முடியும். அவங்களால முடியல."

"அப்படீங்களா? அந்தத் தொண்டை யாரோடதுங்க?"

கோர்ட் சிரித்தது. எழுதுகிற குமாஸ்தா முதற்கொண்டு சிரித்தார். என் காது சூடாகிவிட்டது. நாலு பேர் சிரித்தால் தாங்காத வயது அது.

"அந்த ஒன்பது நாள்ல சங்கத்துக்காரங்க வந்து பாத்தாங்களா?"

"பார்வை நேரத்துல வந்தாங்க."

"என்ன வைத்தியம் பண்ணீங்க?"

"பேட்டரி வைத்தியம்."

அவர் என் கேஸ் ஷீட்டைக் கையில் எடுத்தார். அந்த நான்கு வரியையும் இங்கிலீஷில் நிதானமாகப் படித்தார். நீதிபதிக்கு அது போதும். ஆனால் வக்கீல் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழிலும் சொன்னார். கட்டை தீர்ந்து போச்சு. கரண்டே பாயல. இது அந்த அம்மாவுக்குத் தெரியாது.

"ஆக, செத்துப்போன பேட்டரிய கழுத்துல வச்சீங்க, உடனே பேச்சு வந்துடுச்சு. அப்படின்னா என்னங்க அர்த்தம்? பேச முடியாம இல்ல. சொல்லிக் குடுத்தது மனப்பாடம் ஆகுற வரைக்கும் பேசல. நான் சொல்றது சரிதானே?"

"இல்ல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நல்ல மனிதர்தான். "டாக்டர், இதுக்கு விளக்கம் ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?" என்று கேட்டார்.

என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய வாய்ப்பை யாரும் எனக்குத் தட்டில் வைத்து நீட்டியதில்லை. எனக்கு விளக்கம் தெரியும். ஹிஸ்டீரியா என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்த வக்கீல் விடுவாரா? 'ஓ, மனநோயாளியா? அப்ப அவங்க பாத்ததா சொல்றதும் மனசு பண்ண வேலைதானா?' என்று அடுத்த கேள்வி தயாராக நிற்கும். நோய் என்றால் பைத்தியக்காரி, நோய் இல்லை என்றால் நடிகை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருந்தது. அந்த வழியைப் பேச எனக்கு ஒரு நிமிடம் தைரியம் வேண்டியிருந்தது. மறுபடியும் சிரிப்பார்களே என்ற பயம்தான் வந்தது.

"இல்லைங்க. எழுதியிருக்கறதுதான்" என்றேன்.

இறங்கி வரும்போது கடைசி பெஞ்சைப் பார்த்தேன். மாமியார் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே தாழ்வாரத்தில், தூணோரம் நின்றிருந்தாள் காத்தாயி. சாரல் அடித்து முந்தானை நனைந்திருந்தது. என்னைக் கண்டதும் கிட்டே வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அவள் உதடு அசைந்ததை நான் படித்துவிட்டேன்.

"அதுல கரண்டு இல்லயா?"

அவள் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்தத் தொண்டையைச் சரிசெய்தது ஏதோ ஒரு மருந்து, வெளியிலிருந்து வந்த ஏதோ ஒரு சக்தி என்று அவள் இத்தனை நாளும் நம்பியிருந்தாள். இப்போது என்ன ஆகிறது? அது எப்போதுமே பேசக்கூடிய தொண்டைதான் என்று கோர்ட்டில் நிரூபித்துவிட்டார்கள். அப்படியானால் வரப்பில் நின்றபோதும் பேசியிருக்க முடியும். இதுவும் எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. மழை விட்டால் பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில் தீர்ப்பு வந்தது. வாக்குமூலத்தின் தாமதம் திருப்திகரமாக விளக்கப்படாததால், சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அளித்து விடுதலை. காரியக்காரருக்கு மாலை போட்டு, வேட்டு வெடித்து அழைத்துப் போனார்கள். ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் போனார்கள். அந்த மூன்று மாவில் அந்த வருடம் வேறு யாரோ நட்டிருந்தார்கள்.

அன்றைக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நானும் இத்தனை வருடம் குளிக்கும்போது, பஸ்ஸில் போகும்போது அந்தக் கூண்டில் நின்று பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். 'ஐயா, கை பயந்து நடுங்கினால் நம்புகிறீர்கள். துக்கத்தில் தாய்க்குப் பால் வற்றினால் நம்புகிறீர்கள். அதே போலத்தான் குரலும் நின்றுபோகும். அவர் பார்த்தது வேறு, பார்த்ததால் உடம்புக்கு வந்தது வேறு. பார்க்காதவருக்கு இது வந்திருக்காது.' இவ்வளவுதான். இதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நான் தலைகுனிந்து படியிறங்கிய நேரம்கூட ஆகாது.

நீங்கள் 'ஃபங்ஷனல்' என்று எழுதுங்கள், தவறில்லை. ஆனால் அந்தத் தாளை ஒருநாள் உங்கள் நோயாளியின் காதில் விழும்படி ஒருவர் சத்தமாகப் படிப்பார் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள். பிறகு, எழுதியதற்காக எழுந்து நின்று பேசவும் தயாராக இருங்கள். நான் முதலாவதையும் செய்யவில்லை, இரண்டாவதையும் செய்யவில்லை.

தீர்ப்பு வந்த மறுவாரம், மாமியார் அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

"அன்னிக்கி மாதிரியே வச்சு விடுங்க தாயி. கோர்ட்டுல யாரோ என்னமோ சொல்லிட்டுப் போவட்டும். உங்க கை ராசியான கை."

அவள் என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் எழுந்து நேராகக் கடைத்தெருவுக்குப் போனேன். புது பேட்டரிக் கட்டை நான்கு வாங்கி வந்தேன். பெட்டிக்குள்ளிருந்து பழையதை எடுத்துப் போட்டுவிட்டு, உப்பைச் சுரண்டி, புதுக் கட்டைகளைப் போட்டேன். சுருள் ரீங்காரம் இட்டது. அந்தச் சத்தத்தை அந்த ஆஸ்பத்திரியில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பாரு காத்தாயி, இந்தத் தடவ நெசமாவே கரண்டு இருக்கு. என் கையில வச்சுக் காட்டறேன் பாரு" என்று என் மணிக்கட்டில் வைத்தேன். விரல்கள் தானாக மடங்கின. பிறகு அவள் கழுத்தில் வைத்தேன். கழுத்துத் தசை துடித்தது. தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வலியில் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "பேசு, இப்ப வரும், கண்டிப்பா வரும்" என்று அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னேன். சொல்லும்போதே தெரிந்தது, அந்த வார்த்தையில் கட்டை தீர்ந்துவிட்டது என்று.

அவள் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டிருந்துவிட்டு, தகடுகளைத் தானே எடுத்து மேஜை மேல் வைத்தாள். முந்தானையால் கழுத்து ஈரத்தைத் துடைத்தாள். மாமியாரின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

வாசல்படி இறங்கும்போது ஒரு தரம் இருமினாள். அந்த இருமல் மட்டும் கணீரென்று வார்டு முழுக்கக் கேட்டது.